நிமிரச் சொல்வதற்கு முன்

வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லும் அறிவியல் ஆசிரியன் நான். மாணவனிடம் சொல்லலாம். பார்க்கின்சன் நோய் கண்ட தாத்தாவிடமும் நாம் அதையேதான் சொல்கிறோம்: "கொஞ்சம் நேராக நில்லுங்களேன் தாத்தா!" நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் இந்நோயில் தசைகள் விறைக்கின்றன. உடல் முன்னோக்கிக் கூனுகிறது. சிலர் பக்கவாட்டில் சாய்வார்கள். சாய்ந்த கோபுரம் உள்ள ஊரின் பெயரால் இதை 'பீசா நோய்க்குறி' என்கிறார்கள். கேட்டால், "நேராகத்தானே இருக்கிறேன்" என்று பதில் வரும். அது பிடிவாதம் அல்ல. உடலின் சாய்வை உணரும் திறனே பலருக்கு மங்கிவிடுகிறது.

மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மதிப்பீட்டில் நிற்கும் தோற்றத்துக்கு 0 முதல் 4 வரை புள்ளி உண்டு. கூன் தெரிந்தால் நிமிரச் சொல்லியும் பார்ப்பார்கள். எல்லாம் சில நிமிட வேலை. ஆனால், லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது இருக்கும் உடல் வேறு, அதன் வேகம் தணிந்தபின் இருக்கும் உடல் வேறு. சில மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவர் பார்ப்பது இதில் எந்த உடலை?

இந்த இடைவெளியை உணரிகள் நிரப்பலாம். உங்கள் கைப்பேசியின் திரையைத் திருப்பிக் காட்டும் முடுக்கமானிதான் இங்கும் வேலை செய்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைபாக்ஸ்' செயலியில் ஈர்ப்பையும் சேர்த்து முடுக்கத்தை அளந்து பாருங்கள். கைப்பேசியை நேராக நிறுத்தினால் திரைக்குச் செங்குத்தான அச்சு ஏறக்குறைய 0 காட்டும். 30 பாகை சாய்த்தால் 4.9. சைன் 30 என்பது பாதி, 9.8-இல் பாதி 4.9, அவ்வளவுதான் கணக்கு! இதுபோல் ஓர் உணரியை நெஞ்செலும்பின் மேலும் இன்னொன்றை இடுப்பிலும் ஒட்டினால், முதுகு வளைகிறதா, முழு உடலும் சாய்கிறதா என்பதைப் பிரித்தறியலாம்.

சந்தையோ கைக்கடிகாரத்தை விடுவதாக இல்லை. நடுக்கத்தையும் அசைவின் மந்தத்தையும் மணிக்கட்டு நன்றாகவே சொல்லும்; ஆஸ்திரேலியாவில் உருவான 'கைனெட்டிகிராஃப்' கருவி அதைத்தான் செய்கிறது. ஆனால் முதுகைப் பற்றி மணிக்கட்டுக்கு என்ன தெரியும்?

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை அதிர்வு பற்றியது. சாய்ந்தவுடன் அதிர்ந்து எச்சரிக்கும் கருவிகள் உள்ளன. பாத்திரம் கழுவக் குனிந்தாலும், சாமி கும்பிடக் குனிந்தாலும், கோணத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு எல்லாம் ஒன்றே. வீட்டார் நச்சரிப்பது போதாதென்று நெஞ்சிலும் ஒரு நச்சரிப்பு! இரண்டே நாளில் அது அலமாரிக்குப் போய்விடும்.

ஆகவே முதல் ஒரு வாரம் கருவி சத்தமில்லாமல் பதிவு மட்டும் செய்யட்டும். மாத்திரை எடுத்த நேரங்களையும் குறித்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மணிக்கு முதுகு வளையத் தொடங்குகிறது என்று தெரிந்தால், மருந்து வேளையைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். அதிர்வைப் பயிற்சி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அணிபவர் சம்மதித்தால்.

வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நடுங்கும் விரல்களால் அவரே அதை மாட்டவும், கழற்றவும், மின்னூட்டவும் முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கொக்கி மாட்ட இன்னொருவர் வேண்டுமென்றால் வேறு கருவியைக் கேளுங்கள்.