வைட்டமின் டி போட்டால் இதயம் தப்புமா?

சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டு மாத்திரை டப்பாவில் கொஞ்ச காலமாக ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி. குறைபாடு இருக்கிறது, எலும்புக்காக டாக்டர் கொடுத்தார் என்றால் சரி, அதில் எனக்கு வம்பே இல்லை. "இது ஹார்ட்டுக்கும் நல்லதாம்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார்களே, என் சண்டை அதோடுதான்.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஆபத்துகள் 62 சதவீதம் அதிகம். அடுத்த வருடமே செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு வகை வெள்ளை அணுக்கள் கெட்ட கொழுப்பை விழுங்கி ஊதிப்போகும். ரத்தக்குழாய் அடைப்பு ஆரம்பிப்பதே அப்படித்தான். வைட்டமின் டி சேர்த்தபோது அவை விழுங்குவது குறைந்தது. படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் தட்டில் வைத்த அணு வேறு, நடமாடும் மனுஷன் வேறு. 'டி குறைந்தவருக்கு இதயநோய் அதிகம்' என்பதும் 'டி கொடுத்தால் இதயநோய் குறையும்' என்பதும் ஒன்றில்லை. உடம்பு பருத்தவர், வெளியே நடக்காதவர், ஏற்கனவே நோயில் படுத்தவர், இவர்களுக்கெல்லாம் டி குறைவாகத்தான் இருக்கும். இதயநோய் வருவதும் இவர்களுக்குத்தான். புகையைக் கலைத்தால் நெருப்பு அணையுமா என்ன?

கொடுத்தே பார்த்தார்கள். 2018-ல் வெளிவந்த 'வைட்டல்' ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வருடம் கழித்து எண்ணினால், பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தவர்கள் டி சாப்பிட்டவர்களில் 396 பேர், சாப்பிடாதவர்களில் 409 பேர். அவ்வளவுதான் வித்தியாசம்! 'அதில் பலருக்குக் குறைபாடே இல்லையே' என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 2023-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 9 சதவீதம் குறைந்த மாதிரி ஒரு சாயல் தெரிந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்கிற அளவுக்குத்தான். இதை நம்பி இதயத்தை ஒப்படைக்க முடியாது.

ஒப்படைக்கக்கூடியது வேறு இருக்கிறது. டென்மார்க்கின் 'ஸ்டெனோ-2' ஆய்வில் சிறுநீரகம் லேசாகப் பாதிக்க ஆரம்பித்திருந்த 160 சர்க்கரை நோயாளிகள். ஒரு பாதிக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்கள். சாப்பாடு, நடை, சிகரெட்டை விடுவது எல்லாம் உண்டு. எட்டு வருடத்தில் இதயப் பாதிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2003-லேயே வந்த சேதி இது! ஆனால் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு நம் ஊரில் கெட்ட பேர். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் 'ஈரலைக் கெடுக்கும்' என்று அதை நிறுத்திவிட்டார். வைட்டமின் டி மட்டும் ஞாயிறு தவறுவதில்லை. வைட்டமின் என்று பெயர் வைத்தால் மருந்தில்லை என்று நினைப்பு :-)

அதுவும் மருந்துதான். வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினம் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோயாளிக்கு ஏற்கனவே அடி வாங்குகிற உறுப்பு அது.

வெயிலில் நடந்தால் போதாதா என்று ஒரு நண்பன் கேட்டான். காலை ஆறு மணி வெயிலில் டி பெரிதாக ஊறாது, அதற்கு வெயில் ஏற வேண்டும். ஆனாலும் ஆறு மணிக்கே நடக்கலாம், நடை இதயத்துக்கு நல்லது. அது டி-க்காகக் காத்திருப்பதில்லை.