ஏற்காடு, குட்டி கிடார், ஒரு குரங்குக் கீறல்

மூணு வாரம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியா ஏற்காடு போனேன். டூட்டி இல்லாத ஞாயிறு எனக்கு அபூர்வம். முதுகில் ஒரு டிராவல் கிடார், ஒரு லிட்டர் தண்ணி, சைடு பாக்கெட்டில் கடலை மிட்டாய். த்ரெட் கொஞ்சம் நீளம். ஊசி வர்ற இடம் வரைக்குமாவது படிச்சிடுங்க.

"தனியா மலைக்குப் போகாதீங்க"ன்னு நான் சொல்லப் போறதில்லை. வாரம் முழுக்க அடுத்தவங்க வலியைக் கேட்கிறவனுக்கு, யாரும் பேசாத நாலு மணி நேரம் மருந்து மாதிரி. ஆனா நாம பயப்படுற விஷயம் ஒண்ணு, பயப்பட வேண்டிய விஷயம் இன்னொண்ணு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சேலத்திலிருந்து பஸ். 20 கொண்டை ஊசி வளைவு. ஏரிக்கிட்ட இறங்கி சேர்வராயன் கோயில் ரோட்டில் நடந்தேன். கோயில் இருக்கிறது 5,300 அடிக்கு மேல. ரெண்டு பக்கமும் காபி எஸ்டேட், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி. (1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஆரம்பிச்சு வச்ச காபி இது.) பொது ரோட்டை விட்டு நான் இறங்கலை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல இறந்ததை மறக்க முடியாது. காட்டுப் பாதையில் நடக்கணும்னா வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு, 2024 அக்டோபரில் 40 பாதைகளோட ஆரம்பிச்சாங்க, உள்ளூர் வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறாங்க. சேலம் மாவட்டமும் அதில் உண்டு.

ஒரு வளைவு திரும்பினதும் காட்டெருமை. ஒத்தை ஆண். காபிச் செடி அதோட வயிறு உயரம் தான் இருந்தது. ஒரு டன் எடை வரைக்கும் வளர்ற விலங்கு அது. பக்கவாட்டில் திரும்பி நின்னு, மூக்கால ஒரு சத்தம் விட்டது. நான் போனை எடுக்கலை, ஓடலை. அது முகத்தைப் பார்த்தபடியே பின்னாடி நடந்து வளைவுக்கு இந்தப் பக்கம் வந்து, கால்மணி நேரம் நின்னேன். திரும்பிப் பார்த்தா ஆள் இல்லை. நண்பர்களுக்குச் சொல்ல நல்ல கதை. பத்து பேர்கிட்ட சொல்லிட்டேன்.

அடுத்து நடந்ததை யார்கிட்டயும் சொல்லலை.

மதியம் ஒரு வியூ பாயிண்ட் பாறையில் உட்கார்ந்து மெதுவா வாசிச்சிட்டு இருந்தேன். (ப்ளூடூத் ஸ்பீக்கர் வேற, கிடார் வேறன்னு வாதாட ஆசை தான். ஆனா காட்டுக்குள்ள ரெண்டுமே வேண்டாம்.) கிடார் பையை யாரோ இழுத்தாங்க. பார்த்தா குரங்கு, கடலை மிட்டாய் வாசனைக்கு வந்திருக்கு. பையைப் பிடிச்சு இழுத்தேன். அது ஜெயிச்சது. இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கோடு. ஒரு டாக்டர் என்ன பண்ணியிருக்கணும்? நான் கர்சீப்பில் துடைச்சிட்டு மறுபடி வாசிச்சேன். ஸ்டீல் கம்பியில் விரலை அழுத்தும்போது எரிஞ்சது. கம்பியில் ரத்தம்.

ஒண்ணரை மணி நேரம் கழிச்சு டீக்கடையில் அக்கா விரலைப் பார்த்துட்டாங்க. "குரங்கு கீறுச்சா தம்பி? சோப்பு போட்டு நல்லா கழுவுங்க. கீழ போனதும் ஊசி போட்ருங்க, விட்றாதீங்க." நான் டாக்டர்னு சொல்ல வாய் வரலை.

தனியா போறதில் இருக்கிற உண்மையான ஆபத்து இது தான். காட்டெருமை வந்தா உடம்பே நம்மைக் காப்பாத்தும், கால் தானா பின்னாடி போகும். சின்னக் கீறலுக்கு உடம்பு எதுவும் சொல்லாது. கூட ஒரு ஆள் இருந்தா திட்டியாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாங்க. தனியா இருந்தா "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதும் நாம தான், அதுக்குத் தலையாட்டுறதும் நாம தான்.

நம்ம நாட்டில் ரேபிஸ் பெரும்பாலும் நாயால தான் வருது. ஆனா குரங்கும் பாலூட்டி, அதுக்கும் வரலாம். நாயைப் பத்து நாள் கவனிச்சுப் பார்க்கலாம். மலையில் அந்தக் குரங்கை எங்க போய்த் தேடுவீங்க? அறிகுறி தெரிய ஆரம்பிச்ச பிறகு ரேபிஸுக்கு வைத்தியம் இல்லைன்னே வச்சுக்கோங்க. அதனால குழாய்த் தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வந்த கீறல்னா தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் வேணும், அதைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடுவாங்க. தோலுக்குள் போடுற தடுப்பூசின்னா 0, 3, 7, 28ஆம் நாட்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஏற்கெனவே முழுசா போட்டிருந்தீங்கன்னா 0, 3 ரெண்டு நாள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதனால அடிக்கடி மலை ஏறுறவங்க முன்கூட்டியே போட்டு வச்சுக்கிறதைப் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

அன்னைக்கு ராத்திரியே சேலத்தில் போட்டுக்கிட்டேன். விரல் நுனியில் சதை எவ்வளவு இருக்கும்? அங்க ஊசி இறங்கும்போது, இத்தனை வருஷம் பேஷண்ட்ஸ்கிட்ட "லேசா வலிக்கும்"னு சொன்னதுக்கெல்லாம் சேர்த்து வலிச்சது.

அந்தக் குரங்கு மேல எனக்குக் கோபமில்லை. கார் கண்ணாடியை இறக்கி சிப்ஸ் நீட்டி ரீல்ஸ் எடுக்கிறவங்க மேல தான் கோபம். பையில் சோறு இருக்கும்னு குரங்குக்குப் பாடம் எடுத்தது அவங்க தான். திறந்த பாக்கெட்டில் மிட்டாய் வச்சிருந்த நானும் அந்த லிஸ்ட்டில் உண்டு.

28ஆம் நாள் ஊசி வர்ற ஞாயிறு. மூணாவது ஊசியோட நின்னுடுறவங்களை நிறையப் பார்த்திருக்கேன், அதனால போனில் அலாரம் வச்சாச்சு. கிடார் பை சைடு பாக்கெட்டில் இப்போ ஒரு சோப்பு இருக்கு.