நாமக்கல் எரு டெல்டாவுக்குப் போகட்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வேளாண்மை உற்பத்தி ஆணையர் அவர்களுக்கு,

சீனா ஏற்றுமதியை இறுக்கினால் இங்கே டிஏபி மூட்டைக்கு அலைய வேண்டியிருக்கிறது. உரப்பாறைக்கும் பாஸ்பாரிக் அமிலத்துக்கும் மொராக்கோவையும் ஜோர்டானையும் நம்பியிருக்கும் நாடு நம்முடையது. அவற்றிலுள்ள அதே மணிச்சத்து (பாஸ்பரஸ்) நாமக்கல் கோழிக் கொட்டகைகளுக்கு அடியில் குவிந்து கிடக்கிறது. அதைக் காவிரி டெல்டாவுக்கு எடுத்துப்போக வழி செய்யுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அது அங்கே விளைந்ததல்ல. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் லாரி லாரியாக வெளியூர்களிலிருந்து வருகின்றன. தானியத்து மணிச்சத்தில் பெரும்பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடப்பதால் கோழிக்குச் சரியாகச் செரிக்காது. அதனால் தீவனத்தில் டைகால்சியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அதுவும் உரப்பாறையின் பிள்ளைதான். அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கலக்கும் பண்ணைகளில் இந்தச் செலவு குறைகிறது. முட்டையோடு ஊர் தாண்டுவது கொஞ்சமே. மிச்சம் எருவில் தங்கிவிடுகிறது.

புதுக் கோழி எருவில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீருக்கு வாடகை கொடுத்து அதைத் தஞ்சாவூர் வரை யார் ஏற்றிப்போவார்கள்? அக்கம்பக்கத்து மரவள்ளிக் காட்டிலேயே கொட்டுகிறார்கள். தழைச்சத்துக் கணக்குப் பார்த்துக் கொட்டினால் மணிச்சத்து தேவைக்கு மேல் போய்விடும். வருஷா வருஷம் மண்ணில் ஏறி, மழையில் மண்ணோடு அரித்து ஏரியில் பாசியாகிறது.

எருவைப் பயோகேஸ் ஆலைக்கு விட்டாலும் மணிச்சத்து குறையாது. வாயுவாகப் போவது கரிமம். மணிச்சத்து ஆலையிலிருந்து வெளிவரும் ஸ்லரியில் அப்படியே நிற்கும். அங்கேதான் அதைப் பிரிக்க வேண்டும். உங்களிடம் வருகிறவர்கள் ஸ்ட்ரூவைட் என்பார்கள்: மெக்னீசியம் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் உரப்படிகம் இறங்கும். பன்றிப் பண்ணைக் கழிவுநீரிலும் நகரச் சாக்கடையிலும் அது நடக்கிறது. பக்கத்துச் சேலத்தில் மேக்னசைட் வேறு இருக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முட்டை ஓட்டுக்காகக் கோழிக்குச் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் நிறையக் கொடுக்கிறோம். அந்தக் கால்சியம் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கரைந்த நிலையில் மிஞ்சுவது குறைவு. அமிலம் ஊற்றிக் கரைக்கலாம், செலவு ஏறும். அதனால் படிக ஆலைக்கு அடிக்கல் நாட்ட அவசரம் வேண்டாம்.

முதலில் ஸ்லரியில் திடத்தைப் பிரிப்போம். மணிச்சத்து பெரும்பாலும் நுண்ணிய வண்டலில் ஒட்டியிருக்கும். நார்ச் சக்கையை மட்டும் பிழியும் திருகு இயந்திரத்தில் அது தண்ணீரோடு ஓடிவிடும். சுழல்விசையில் வண்டலைப் பிரிக்கும் டிகேன்டர் வேண்டும். விலை கூடுதல் என்பதால் பல ஆலைகள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளட்டும். வண்டலை நம் வெயிலிலேயே உலர்த்தலாம். எரிக்கலாமே என்றும் சிலர் கேட்கலாம். நெதர்லாந்தின் மூர்டைக்கில் 2008 முதல் கோழி எருவை எரித்து மின்சாரம் எடுத்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள சாம்பலை உரமாக விற்கிறார்கள். எரு மிதமிஞ்சிய நாட்டுக்கு அது சரி. கரிமம் வற்றிய நம் நிலங்களுக்கு எரிப்பது நஷ்டம், தழைச்சத்தும் புகையோடு போய்விடும்.

2023-இல் ஒன்றிய அரசு பயோகேஸ் ஆலைகளின் நொதித்த எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. அது எடைக்குக் கொடுக்கும் காசு; மணிச்சத்து கூடுதலாக இருந்தாலும் உதவித்தொகை ஏறாது. மாநில அரசு ஆய்வகச் சான்றைப் பார்த்து மணிச்சத்தின் கிலோவுக்கு ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தால், உலர்த்துவதும் பிரிப்பதும் ஆலைக்காரருக்குக் கட்டுபடியாகும். அந்தச் சான்றில் தாமிரமும் துத்தநாகமும் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். தீவனத்தில் சேர்ப்பது எருவிலும் வரும்.

டெல்டாவின் களிமண்ணில் உலர்ந்த வண்டலிலுள்ள கால்சியம் பாஸ்பேட் எவ்வளவு வேகமாகப் பயிருக்குக் கிடைக்கும் என்பதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வயலில் பார்த்துச் சொல்லட்டும். டிஏபியில் எத்தனை மூட்டை குறைக்கலாம் என்ற கணக்கு அதன் பிறகுதான் வர வேண்டும். வரும் சம்பாவிலேயே சோதனை வயல்களுக்கு ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்து விவசாயி ஒருவர்