கூட வந்தது யாரு?

"கூட யாரு வந்திருக்கா?" அவசரப் பிரிவில் என் பெரியம்மா மகளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அவரிடம் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வியும் அதுதான். பிறகு எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள்.

அக்கா இருபது வருடமாக இருமுனை மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர். அன்று வாந்தி, வயிற்றுப்போக்கு. கை நடுங்கியது, நடந்தால் தள்ளாடியது. மாத்திரைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், "சைக்கியாட்ரி கேஸா?" என்றார். அக்கா படுத்தபடியே, "மூட்டு வலிக்கு ஒரு வாரமா மாத்திரை போடுறேன் சார். லித்தியம் ஏறியிருக்கும், ரத்தம் எடுத்துப் பாருங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். மருத்துவர் என் பக்கம் திரும்பி, "இது எப்பவும் இப்படித்தான் பேசுமா மேடம்?" என்றார்.

அக்கா சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். உடனே பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் முனைவர் பட்டம் வாங்கியது தமிழில். லித்தியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்தது. பொதுவாக 1.2-க்குள் இருக்க வேண்டிய அளவு 2-ஐத் தாண்டியிருந்தது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். வாந்தியில் நீர் வற்றினால் இன்னும் ஏறும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, நினைவிழப்பு, மரணம் வரை போகும். அவ்வளவையும் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அந்தக் கட்டிலில் கிடந்தார். மனநோய் என்ற ஒரு சொல் அவருடைய சாட்சியத்தைச் செல்லாததாக்கிவிட்டது. பெண்ணின் வலியை 'மனசுதான் காரணம்' என்று திருப்பி அனுப்பிப் பழகிய இடம் அது; இங்கே எழுத்திலேயே காரணம் கிடைத்துவிட்டது.

'இது பேசுமா?' வீட்டில் பாசமாகவும் 'அது' என்போம், இது அந்த 'அது' அல்ல. நன்னூல் நரகரைக்கூட உயர்திணையில்தான் வைத்தது. நம் வார்டுகளுக்கு அந்தத் தாராளமும் இல்லை.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐ என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டுவேன். உடல்நோயாளிக்குக் கிடைக்கும் அதே தரத்தில் அவசர சிகிச்சை வேண்டும் என்கிறது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, மாதவிடாய்க்குத் தேவையானவற்றைக் கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறது. இதையெல்லாம் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியதைச் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு பிறந்தவள்.

"அவசரப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். அக்கா சொன்னதைக் கேட்க அரை நிமிடம் போதும். கேட்காததால் போனது ஒன்றரை மணி நேரம். நோயாளியின் முகம் பார்த்துப் பேசு, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடு, என்ன மாத்திரை என்று அவரிடமே கேள், அவர் குழம்பியிருந்தால் அதன்பின் கூட வந்தவரிடம் கேள். இதற்குத் தனிக் கட்டடமோ புதுக் கருவியோ வேண்டாம். கூட வந்தவர் எப்போதும் நல்லவர் என்று யார் சொன்னது? அடித்துக் கூட்டிவந்த கணவனே அட்டெண்டராக நின்று, "இவ சொல்றதை நம்பாதீங்க டாக்டர்" என்றால், அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமிக்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது. வெறும் வெள்ளைத்தாள் போதும், கையெழுத்தோ கைரேகையோ போதும். வீடு திரும்பிய மாதத்தில் அக்கா எழுதினார். என்னை எழுதவில்லை. இருபது வருடமாக அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் தோழியை எழுதினார். எனக்குக் கொஞ்சம் வலித்தது, அது என் பாடு.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அந்தத் தாளைக் கோப்பில் வைக்கக் கொடுத்தார். வாங்கிப் பார்த்த ஊழியர், "ரத்த சொந்தம் யாரும் இல்லையாம்மா? வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார். அக்கா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். வரிசை நீண்டுகொண்டிருந்தது.