விளக்கணையும் விடுதி

குவாத்தமாலா நாட்டின் வடகோடியில், பெத்தேன் மாநிலத்துக் காட்டுக்குள் இருக்கிறது திக்கால் என்னும் மாயா மக்களின் பழம்பெரும் நகரம். 1955-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1979-இல் இயற்கை, பண்பாடு ஆகிய இரு தகுதிகளாலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 576 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்குள் தங்கும் விடுதிகள் மூன்றே மூன்று. அந்த எண்ணிக்கை போதும் என்பதே என் கருத்து. விடுதிகளுக்குக் கடன் வழங்குவதைத் தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டவன் இப்படிச் சொல்வது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அயல்நாட்டுக் கிளையில் பணியாற்றிய காலத்தில், கிடைத்த ஒரு வார விடுப்பில் நானும் என் மனைவியும் அங்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கினோம். பெரும்பாலான பயணிகள் ஏரி நடுவே தீவாக அமைந்த புளோரெஸ் நகரில் தங்கி, காலையில் வண்டியேறி, சுமார் 65 கிலோமீட்டர் கடந்து வந்து, கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். செலவு குறைவு, வசதி மிகுதி. ஆயினும் நண்பகல் வெயிலில் பார்க்கும் திக்கால் வெறும் கற்குவியலாகவே மனத்தில் தங்கும் என்பது என் எண்ணம். அந்த இடத்தின் உயிர் இரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் இருக்கிறது.

நாங்கள் தங்கிய விடுதியில் மின்சாரம் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே. இரவு பத்து மணிக்கு மின்னாக்கியை நிறுத்திவிடுவார்கள், விசிறி ஓய்ந்துவிடும். கொசுவலைக்குள் வியர்வையோடு படுத்திருக்கையில், முதல் அரை மணி நேரம் எனக்கு வந்தது எரிச்சல்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. வாங்கும் வாடகைக்கு ஒரு குளிர்சாதனம் வைக்கக் கூடாதா என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். பக்கத்து அறைக்காரர் ஒருபடி மேலே சென்று வரவேற்பறையில் சண்டையே போட்டார். பிறகு மின்னாக்கியின் இரைச்சல் அடங்கிய வெற்றிடத்தில் காடு பேசத் தொடங்கியது. தவளைகளும் பூச்சிகளும் முதலில். நள்ளிரவுக்குப் பின், சிங்கமோ புலியோ என்று திடுக்கிட வைக்கும் உறுமல். அது ஊளைக்குரங்கின் குரல். உருவத்தில் ஒரு சிறு நாயளவே இருக்கும் அந்த விலங்கின் குரல் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். மின்னாக்கி இரவெல்லாம் ஓடியிருந்தால் எங்கள் காதில் அது விழுந்திருக்காது.

விடியுமுன் வழிகாட்டியுடன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நான்காம் கோயிலுக்கு நடந்தோம். ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். மரப்படிகள் வழியே ஏற வேண்டும். உச்சியில் அமர்ந்தபோது எங்கும் பனிமூட்டம். சூரியன் எழுந்ததைக் கண்டேன் என்று சொல்ல முடியாது. மூட்டம் மெல்லக் கலைந்தபோது, மரக்கடலுக்கு மேல் மற்றக் கோயில்களின் முகடுகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. இறங்கி வரும் வழியில், வாலில் மயிற்பீலிக் கண்களைப் போன்ற புள்ளிகள் கொண்ட வான்கோழிகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் காட்டில் நமக்கு அறிமுகமான மரங்களும் உண்டு. நம் தலையணைகளுக்குப் பஞ்சு தரும் இலவ மரம் அங்கு மாயா மக்களின் புனித மரம். குவாத்தமாலாவின் தேசிய மரமும் அதுவே. நம் ஊர்க் கடைகளில் கிலோக்கணக்கில் வாங்கும் சப்போட்டாவின் தாயகமும் அந்தப் பகுதிதான். திக்கால் கோயில் வாயில்களின் உத்திரங்கள் சப்போட்டா மரத்தில் செதுக்கப்பட்டவை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மழையையும் கரையானையும் தாங்கி நின்ற மரம் அது. பழத்தை மட்டும் அறிந்திருந்த எனக்கு அதன் பெருமை அங்குதான் தெரிந்தது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். திக்காலுக்கு அருகில் வற்றாத ஆறு ஏதுமில்லை. சுண்ணாம்புப் பாறை நிலம்; பெய்த மழை உள்ளே இறங்கிவிடும். ஆகவே அம்மக்கள் முற்றங்களுக்குச் சுதை பூசி, நீர் ஒருபுறம் வழிந்தோடுமாறு சரிவு கொடுத்து, நீர்த்தேக்கங்களில் சேமித்தனர். அரண்மனைத் தேக்கத்தின் அணை மட்டும் சுமார் 80 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் கொண்டது; ஏறத்தாழ 7.5 கோடி லிட்டர் நீரைத் தாங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மற்றொரு தேக்கத்தில், சியோலைட் என்னும் கனிமத்தையும் மணலையும் கொண்டு நீரை வடிகட்டினர் என்பது 2020-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு முடிவு மனத்தைக் கலக்குவது. கோயில்களுக்கும் அரண்மனைக்கும் அழகூட்டப் பூசிய சாதிலிங்கச் செந்நிறம் மழையில் கரைந்து, அவற்றை ஒட்டிய தேக்கங்களில் பாதரசமாகச் சேர்ந்திருந்தது. நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசியின் தடயமும் அங்குக் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் வறட்சிகளோடு வேறு பல காரணங்களும் கூடி நகரம் வெறுமையாயிற்று. தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஐச் சேர்ந்தது.

இதையெல்லாம் பகலில் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு, மாலையில் நீச்சல்குளம் பெரிதாக இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளும் விருந்தினரைப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஒரு விடுதிக்கு ஐம்பது அறைகள் கூடினால் குழாய்களும் கழிவுநீர்க் குழிகளும் கூடும். நிலமோ அன்றிருந்த அதே சுண்ணாம்பு நிலம்.

அறைகள் பெருகினால் உள்ளூர் மக்களுக்கு வேலை பெருகாதா என்ற கேள்வி நியாயமானது. நானே எத்தனையோ திட்ட அறிக்கைகளில் அந்த வாதத்தை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் பெத்தேனில் வேறொரு வழி கண்முன் இருக்கிறது. 1990-இல் அமைக்கப்பட்ட மாயா உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியில், காட்டைப் பேணும் உரிமை 25 ஆண்டு ஒப்பந்தங்களாக அங்குள்ள சமூகங்களுக்கே அளிக்கப்பட்டது. திக்காலுக்கு வடக்கே சுமார் 23 கிலோமீட்டரில் உள்ள உவாஷக்தூன் கிராமத்தார் அலங்காரத்துக்கு ஏற்றுமதியாகும் ஷாத்தே ஓலையையும், சர்வசுகந்தி மிளகையும், சப்போட்டா மரத்துப் பாலையும் சேகரிக்கின்றனர். மரத்தையும் சுழற்சி முறையில் அளவாகவே வெட்டுகின்றனர். அக்கிராமமே அந்தப் பாலை எடுக்க வந்தவர்கள் குடியேறியதால் உருவானது. சமூகங்கள் பொறுப்பேற்று நீண்ட காலம் நடத்திவரும் பகுதிகளில் காடு பெரிதும் நிலைத்திருக்க, கடுங்காவல் விதிக்கப்பட்ட மேற்குப் பகுதியில் கால்நடைப் பண்ணைகளும் தீயும் காட்டை விழுங்கின. வடக்கே எல் மிராடோர் இடிபாடுகளைச் சுற்றிச் சுற்றுலாவைப் பெரிதாக்கும் முன்மொழிவு எழுந்தபோது, தங்கள் உரிமை பறிபோகும் என்று எதிர்த்தவர்களும் இச்சமூகங்களே.

எனவே அங்குச் செல்ல வாய்ப்புள்ள வாசகர்களுக்கு என் பரிந்துரை இது: பூங்காவுக்குள் இரண்டு இரவு தங்குங்கள், மின்சாரம் நின்றால் சினம் கொள்ளாதீர்கள், மிச்சப் பணத்தை உவாஷக்தூனில் ஒரு வழிகாட்டிக்கும் ஒரு வேளை உணவுக்கும் செலவிடுங்கள். பழைய அரை கெட்சால் தாள் கிடைத்தால் கூர்ந்து பாருங்கள். பின்புறத்தில் திக்காலின் முதலாம் கோயில் இருக்கும். அந்நாட்டுத் தாள்களின் மூலையில் மதிப்பு மாயா எண்களிலும் அச்சிடப்பட்டிருக்கும்: புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து. கொக்கோ விதைகளையே காசாகப் புழங்கிய அம்மக்கள் சுழியத்துக்கும் ஒரு குறி வைத்திருந்தார்கள். காசாளராகப் பணியைத் தொடங்கியவன் என்பதால், அந்தத் தாளை எண்ணிக் கட்டி வைக்கும் கையோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயகம் திரும்பிய இரண்டாம் மாதம், ஒரு மலைப்பகுதி விடுதியின் விரிவாக்கக் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. இருபது அறைகளை அறுபதாக்கும் திட்டம். கணக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கிணற்றில் எத்தனை நாள் நீர் இருக்கும் என்று விண்ணப்பதாரரிடம் கேட்டேன். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கேள்வி இதில் இல்லையே, சார்" என்றார்.