பட்சிராஜனும் பட்சி தீர்த்தமும்

ரஜினி படத்தில் வில்லனுக்காக தியேட்டரே உச்சுக் கொட்டியது '2.0'-வுக்குத்தான் இருக்கும். 2010-ல் வந்த 'எந்திர'னின் அடுத்த பாகம். 2018 நவம்பர் 29-ல் ரிலீஸ். செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில், மூக்குக் கண்ணாடிக்கு மேல் 3டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆறு கண்ணோடு பார்த்தேன். செல்போன்கள் எல்லாம் ஒன்றுகூடி ராட்சசப் பறவையாகிச் சிறகை விரித்ததும் முன் சீட்டுக் குழந்தை வீறிட்டது. பின் சீட்டில் ஒருவருக்கு போன் அடித்தது. "மாப்ளே, வில்லன் வந்துட்டான். அப்புறம் பேசறேன்!" என்றார். பெரிய திரையில் பார்க்கவேண்டிய படம். டி.வி.யில் பார்த்தால் அந்தப் பறவை கோழிக்குஞ்சு சைஸுக்கு வந்துவிடும்.

அக்ஷய்குமாருக்குப் பட்சிராஜன் என்ற பறவை ஆராய்ச்சியாளர் வேஷம். செல்போன் கோபுரக் கதிர்வீச்சு குருவிகளைக் கொல்கிறது என்று போராடித் தோற்று உயிரை விடுகிறார். அப்புறம்தான் ஆவேசம். ரிலீஸுக்கு முன்பே செல்போன் கம்பெனிகளின் சங்கம் சென்சார் போர்டுக்குப் புகார் அனுப்பியது. படத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

கூட வந்த நண்பர் திருக்கழுக்குன்றத்துக்காரர். வெளியே வரும்போது கேட்டார்: "ஏன் சார், எங்க ஊர்க் கழுகையும் இந்த செல்போன்தான் காலி பண்ணிடுச்சா?"

நியாயமான கேள்வி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் பாதி தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். பட்சி தீர்த்தம் என்றே அதற்கு இன்னொரு பெயர். 500-க்கு மேல் படி ஏறினால் வேதகிரீஸ்வரர் கோயில். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்பது ஐதீகம். வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி. பறவைக்காரர்கள் பாறு என்பார்கள். 1990-களின் இறுதியில் வரவு நின்றுபோனது.

கணக்குப் பாருங்கள். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே 1995 ஜூலை 31-ல்தான். அழைத்தவரும் காசு கொடுக்கவேண்டும், எடுத்தவரும் கொடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்துப் பக்கம் 'செல்' என்றால் பாட்டரிக் கட்டைதான். கழுகுகள் செல்போன் பரவுவதற்கு முன்பே கிளம்பிவிட்டன.

அதே வருஷங்களில் நாடு முழுக்கக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் போய்விட்டது. குற்றவாளி 2004-ல் பிடிபட்டான். பெயர் டைக்ளோஃபெனாக். நம் மூட்டுவலிக்குப் போடுகிற அதே மருந்து. மாட்டுக்கும் ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய், சில நாளில் முடிந்தது கதை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மாட்டுக்கு வலி குறையட்டும் என்றுதான் குத்தினார்கள்.

மாட்டுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று 2006-ல் தடை வந்தது. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த கீட்டோபுரோஃபெனுக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் 2023-ல்தான் தடை. இன்று தமிழ்நாட்டில் கழுகைப் பார்க்க முதுமலைப் பக்கம் போகவேண்டும்.

இதே மாவட்டத்து வேடந்தாங்கலில், பை பையாக செல்போன் புழங்கும் இந்த நாளிலும், சீசனுக்குப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஏரியும் மரமும் இருக்கின்றன. பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஜனங்களும் இருக்கிறார்கள். கோபுரத்தைத் திட்டுவது சுலபம். ஏரியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

பல நூறு கோடி செலவழித்து ஷங்கர் காட்டிய வில்லன் ஆகாயத்தை மறைக்கிறான். நிஜ வில்லனோ சட்டைப் பைக்குள் அடங்குகிற மருந்துக் குப்பி. 3டி கண்ணாடி போட்டாலும் தெரியமாட்டான்.

வீட்டில் மாடு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை டாக்டர் ஊசியை எடுத்தால், "மெலாக்சிகாம் போடலாமா சார்?" என்று கேளுங்கள். கழுகுக்கு ஆபத்தில்லாத வலி மருந்து அது. கேட்பதற்கு ரோபோ தேவையில்லை.