பை ஃபுல், பெட்டியும் ஃபுல்… காசு கொடுத்தா மட்டும் இடம் எங்கிருந்து வருது?

இரவு மணி 12.40. இருபது நிமிஷமா உயிரைக் கொடுத்து அடிச்ச பாஸ் ஒருவழியா சாயுது. தரையெல்லாம் மின்னுகிற பொருள்கள். ஆசையா ஓடிப்போய் எடுத்தா, திரையில் ஒரு வரி: 'இன்வென்ட்ரி நிறைந்துவிட்டது.'

சரின்னு போர்ட்டல் போட்டு ஊருக்கு ஓடுறீங்க. அங்கே ஸ்டாஷ் பெட்டியைத் திறந்தா அதுவும் ஃபுல். எதைத் தூக்கிப் போடுவது? போன வாரம் கிடைத்த அந்த மோதிரம் இந்த கேரக்டருக்கு ஆகாது, ஆனா அடுத்த கேரக்டருக்கு ஆகலாம். அந்த வாள் சுமார்தான், ஆனா யாராவது வாங்கலாம். இப்படியே ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தா மணி 1.15.

ஆக்‌ஷன் ரோல்பிளேயிங் கேம் ஆடுபவர் என்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசு இல்லை. நானும் இதே கேஸ்தான். போன மாதம் ஒரு நாள் போனில் டைமர் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆடியதில் 35 நிமிஷம் பெட்டி அடுக்கியிருந்தேன். கடுப்பில் காசு கொடுத்து கூடுதல் இடம் வாங்கினேன். மூணே வாரத்தில் அதுவும் நிறைந்துவிட்டது. அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது: இது நிஜமாகவே இடப் பிரச்னையா, இல்லை நம்மிடம் விற்பதற்காகவே செய்த பிரச்னையா?

பதில், இரண்டும்தான். கூடவே மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டி சின்னதாக இருப்பதே விளையாட்டு

2000-ம் ஆண்டு வந்த 'டயாப்லோ 2'-வில் இருந்து தொடங்குவோம். அதில் கேரக்டரின் பையில் 40 கட்டங்கள். ஊரில் இருக்கும் பெட்டியில் வெறும் 24 கட்டங்கள். அடுத்த ஆண்டு வந்த 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' விரிவாக்கம் பெட்டியை 48 கட்டங்களாக்கியது. ஆனால், அதே கையோடு 'சார்ம்' என்ற புதுப் பொருளையும் கொண்டுவந்தது. அதைப் பையில் வைத்திருந்தாலே உங்கள் பலம் கூடும். பலம் வேண்டுமா, பையில் இடம் குறையும். இடம் வேண்டுமா, பலம் குறையும்.

இங்கே இடப்பற்றாக்குறை ஒரு குறை அல்ல. அதுவும் ஆட்டத்தின் ஒரு விதி. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதற்கும் மதிப்பில்லை. பப்ஜி ஆடியவர்களுக்கு இது சட்டெனப் புரியும். லெவல் 1 பையில் புல்லட் எத்தனை, மருந்து எத்தனை என்று கணக்குப் போடுகிற அந்தப் பதற்றம்தானே லெவல் 3 பை கிடைக்கும்போது சந்தோஷமாக மாறுகிறது?

ஆனால், ஆடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? பொருளைச் சேர்த்து வைப்பதற்காகவே சண்டைக்கே போகாத கேரக்டர்களை உருவாக்கினார்கள். அதற்கு 'மியூல்' என்று பெயர். அதாவது, பொதி சுமக்கும் கோவேறு கழுதை. ஆன்லைன் சர்வரில் இருக்கும் கேரக்டரை நீண்ட நாள் திறக்காமல் விட்டால் அது அழிந்துவிடும். அதனால், கழுதைகளை அவ்வப்போது எழுப்பி அட்டெண்டன்ஸ் போட வைப்பதே தனி வேலையானது. 2021-ல் வந்த புதுப்பித்த பதிப்பான 'டயாப்லோ 2: ரிசரெக்டட்', 100 கட்டப் பெட்டியோடு, எல்லா கேரக்டர்களும் பகிர்ந்துகொள்ளும் மூன்று பெட்டிகளையும் தந்தது. 20 ஆண்டு பஞ்சாயத்து ஓரளவுக்குத் தீர்ந்தது.

சர்வருக்கும் மூச்சு முட்டும்

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். 'ஒரு வாளைச் சேமிக்க எவ்வளவு இடம் ஆகிடப் போகுது, என் போன்லயே 128 ஜிபி இருக்கே?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

உங்களிடம் 50,000 தங்கக் காசு இருக்கிறது என்றால், சர்வருக்கு அது ஒரே ஓர் எண். ஆனால் இந்த வகை கேம்களின் வாள் அப்படி இல்லை. தாக்குதல் வேகம் எவ்வளவு, நெருப்பு சேதம் எவ்வளவு என்று ஒவ்வொரு வாளுக்கும் தனித்தனியாகக் குலுக்கிப் போட்ட குணங்கள். உலகத்தில் இன்னொன்று அதே மாதிரி இருக்காது என்பதுதான் அதன் கவர்ச்சியே. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு, தனி அடையாளம் வேண்டும். இதை ஒரு பெட்டிக்கு நூற்றுக்கணக்கான பொருள்கள், லட்சக்கணக்கான ஆட்டக்காரர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். சேமிப்பது மட்டுமல்ல, தேவைப்படும்போது நொடியில் எடுத்தும் தர வேண்டும்.

2023 ஜூனில் வந்த 'டயாப்லோ 4' இதற்குச் சரியான உதாரணம். ஸ்டாஷ் ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் கொதித்தபோது, டிசைனர்கள் சொன்ன விளக்கம் பலரையும் ஆச்சர்யப்படுத்தியது. இந்த கேமில் எல்லோரும் ஒரே உலகத்தில் உலாவுகிறார்கள். வழியில் இன்னொருவர் எதிரே வந்தால், அவருடைய கேரக்டர் மட்டுமல்ல, அவர் ஸ்டாஷில் இருக்கும் பொருள்களின் தகவலும் சேர்ந்தே மெமரியில் ஏறுகிறதாம்! கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர் வீட்டு பீரோவையும் தூக்கிக்கொண்டு வந்தால் மண்டபம் தாங்குமா? அந்தக் கதைதான்.

அப்படியென்றால் தீர்வே இல்லையா? இருக்கிறது. அதே கேமில் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்த ரத்தினக் கற்களை, அந்த ஆண்டு அக்டோபரில் வெறும் எண்ணிக்கையாக மாற்றினார்கள். 2024 மே மாதத்தில் இன்னொரு பெரிய மாற்றம். ஆயுதங்களில் பதிக்கும் சிறப்புச் சக்திகளைப் பொருளாகச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஒருமுறை பிரித்தெடுத்தால் ஒரு புத்தகத்தில் பதிவாகிவிடும் என்றார்கள். பெட்டியைப் பெரிதாக்காமலே, பெட்டிக்குள் போகும் சாமான்களைக் குறைத்துவிட்டார்கள். தொழில்நுட்பச் சுவர் உண்மைதான். ஆனால், மனசு வைத்தால் அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறது.

இலவச வீடு, வாடகைப் பரண்

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருவோம். காசு.

நியூசிலாந்தைச் சேர்ந்த 'கிரைண்டிங் கியர் கேம்ஸ்' 2013-ல் வெளியிட்ட 'பாத் ஆஃப் எக்ஸைல்' முழுக்க இலவசம். கதை, லெவல், சண்டை எதற்கும் காசு இல்லை. ஸ்டாஷில் நான்கு டேப்கள் இலவசம். ஒரு டேப்புக்கு 144 கட்டங்கள். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு மார்புக்கவசமே ஆறு கட்டங்களைப் பிடிக்கும். கவசம் மட்டும் வைத்தால் ஒரு டேப்பில் 24-தான்.

இந்த கேமின் சந்தையில் பல வகை மாயக் கற்கள்தான் பணம். அவற்றை அடுக்க 'கரன்சி டேப்', போர்க்கள வரைபடங்களுக்கு 'மேப் டேப்', மொத்தமாகக் கொட்ட 576 கட்டங்கள் கொண்ட 'குவாட் டேப்' என எல்லாமே விற்பனைக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இலவசமாகக் கிடைத்த நான்கு டேப்களையும் கூட்டினால் வருவது, ஒரே ஒரு குவாட் டேப் அளவு. அந்த ஒரு டேப்பின் வழக்கமான விலை 15 டாலர், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். உங்கள் பொருளுக்கு விலை ஒட்டி மற்றவர்கள் பார்க்கும்படி எளிதாகக் கடை விரிக்கவும் பிரீமியம் டேப் வேண்டும்.

'இது காசு கொடுத்து ஜெயிப்பது ஆகாதா?' என்பது ஆட்டக்காரர்களிடையே பல வருட விவாதம். வாங்கினால் வாள் கூர்மையாவதில்லை, உண்மை. ஆனால், விற்க வழி இருப்பவர் வேகமாக முன்னேறுகிறார் என்பதும் உண்மை. என் கருத்தைக் கேட்டால், சூதாட்டம் மாதிரி குலுக்கல் பெட்டிகளை விற்பதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மை. என்ன வாங்குகிறோம் என்பது தெரியும், ஒருமுறை வாங்கினால் அந்த அக்கவுன்ட்டில் அது உங்களுடையது. ஓர் இலவச கேமை இத்தனை வருடம் ஓட்ட எங்கிருந்தாவது பணம் வந்தாகவும் வேண்டும். ஆனால், பொருளை வாரி இறைப்பவரும் அவர்தான், வைக்க இடமில்லாமல் செய்பவரும் அவர்தான், இடத்தை விற்பவரும் அவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

காசு வாங்காமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு 2024-ல் முழுமையாக வெளியான 'லாஸ்ட் எபோக்' சாட்சி. கேமைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடுதல் டேப்களை ஆட்டத்தில் சம்பாதிக்கும் தங்கத்தைக் கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். வாங்க வாங்க விலை ஏறும், அவ்வளவுதான்.

ஏன் நம்மால் தூக்கிப் போட முடிவதில்லை?

கம்பெனிகள் மேல் மட்டும் பழி போட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மீதி நம்மிடம் இருக்கிறது.

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் சிலருக்கு மட்டும் காபி கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! கைக்கு வந்து சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன. 'என்னுது' என்று ஆனவுடனே எதற்கும் விலை கூடிவிடுகிறது.

ஒரு கோப்பைக்கே இப்படியென்றால், இரவெல்லாம் முழித்து அடித்து எடுத்த மோதிரத்துக்கு? அதுவும் 'இனி இப்படி ஒன்று கிடைக்காது' என்று தெரிந்தால்? நம் வீட்டுப் பரணில் மூடி இல்லாத குக்கரும், ஒற்றைக் காது போன அண்டாவும் இருப்பது இதே காரணத்தால்தான். போன் கேலரியில் இருக்கும் 4,000 ஸ்கிரீன்ஷாட்டுகளும் அதே கதைதான். 2021 ஜூனில் கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தி 15 ஜிபி கணக்குக்குள் கொண்டுவந்தபோது, எத்தனை பேர் போட்டோவை அழித்தோம், எத்தனை பேர் மாதச் சந்தா கட்டினோம் என்று யோசித்துப் பாருங்கள். அழிக்க உட்காருவதைவிடப் பணம் கட்டுவது சுலபமாக இருக்கிறது. ஸ்டாஷ் வியாபாரம் நிற்பதும் அந்தச் சோம்பல் மேல்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி…

டேப் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானே வாங்கியவள்தான். ஆனால், இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலாவது, கதையை முடிக்கும்வரை காசு எடுக்காதீர்கள். அதுவரை இலவச இடமே தாராளம். பலர் அதற்குள் கேமையே விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, லூட் ஃபில்டர் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். வேண்டாத பொருள் கண்ணிலேயே படாவிட்டால், எடுக்கவும் மாட்டோம், 'என்னுது' என்ற பாசமும் வராது.

மூன்றாவது, 'எப்போவாவது உதவும்' என்று வைத்த பொருளுக்கு இரண்டு வாரக் கெடு கொடுங்கள். அதுவரை தொடாதது இனியும் தொடப்போவதில்லை.

நான்காவது, அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். எந்தப் பொருள் அதிக இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதற்கான ஒரே ஒரு டேப்பை மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த கேம்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது சீசன் தொடங்கும். எல்லோரும் வெறும் பையோடு மறுபடி முதலிலிருந்து ஓடுவார்கள். 'பாத் ஆஃப் எக்ஸைல்'-ல் பழைய லீக் முடிந்ததும் அந்தப் பொருள்கள் எல்லாம், எடுக்க மட்டுமே முடிகிற, எதையும் உள்ளே வைக்க முடியாத டேப்களாக நிரந்தர லீக்குக்குப் போய்விடும். அங்கே போய் அவற்றை எடுத்துப் பார்க்க எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது?

நேற்று என் பழைய சீசன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதைப் போடுவது என்று 35 நிமிஷம் தவித்தேன் இல்லையா, அந்தப் பொருள்கள் அப்படியே இருந்தன. எந்த மோதிரத்தை எதற்காக வைத்தேன் என்று ஒன்றுக்குக்கூட ஞாபகம் வரவில்லை.

இன்று இரவு பை நிறைந்ததும் ஒரு நிமிஷம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தைரியமா அந்த வாளை வித்துட்டு, அடுத்த பாஸை அடிக்கக் கிளம்புங்க.